வில்லேஜ் ஆஃப் ஆர்ட்ஸ் அண்ட் ஹியூமானிட்டீஸ்

அமெரிக்காவின் வட பிலடெல்பியாவில், ஜெர்மன்டவுன் அவென்யூவை ஒட்டிய காலி மனைகளைப் பூங்காக்களாகவும் கலைத்தோட்டங்களாகவும் மாற்றிய மக்கள் அமைப்பு. ஆலைகள் மூடப்பட்டு, குடும்பங்கள் வெளியேறியதால் இங்கே வீடுகள் இடிந்து, குப்பைமேடுகளே மிஞ்சியிருந்தன. 1986இல் கறுப்பின நடனக் கலைஞர் ஆர்தர் ஹால், தம் இலே இஃபே கலை மையத்தின் பக்கத்து மனையைச் சீராக்க ஓவியர் லில்லி யேவை அழைத்தார். சீனாவில் பிறந்து தைவானில் வளர்ந்த யே, அப்போது அதே நகரில் கலைப் பேராசிரியை. கையிருப்பு சொற்பம், முதலில் துணைக்கு வந்தவர்கள் தெருச் சிறுவர்கள். பின்னர் பெரியவர்களும் சேர்ந்தார்கள். மரங்கள் நட்டார்கள், சிமென்ட் சிற்பங்கள் எழுப்பினார்கள், பக்கத்துக் கட்டடங்களின் வெறுஞ்சுவர்களில் ஓடு பதித்தார்கள்.

அப்பகுதிவாசியான ஜேம்ஸ் மேக்ஸ்டன் இந்த வேலையிலேயே மொசைக் கலையைக் கற்றுத் தேர்ந்தார். 'ஏஞ்சல் ஆலி' என்ற சந்தின் சுவரில் எத்தியோப்பிய ஓவியச் சாயல் கொண்ட தேவதைகள் அவர் கைவண்ணத்தில் நிற்கின்றன. வெளிக்கலைஞர்கள் வந்து வரைந்துவிட்டுப் போகும் சுவரோவியத் திட்டங்களிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்: கைத்திறன் தெருவிலேயே தங்கியது.

1989இல் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவான இவ்வமைப்பு, சிறுவர்களுக்கான கலை வகுப்புகள், நாடகம், வீடு புதுப்பித்தல் என விரிந்தது. நகர்ப்புறச் சிறப்புக்கான ரூடி புரூனர் விருதின் தங்கப்பதக்கத்தை 2001இல் பெற்றது. யே 2004இல் பொறுப்பிலிருந்து விலகிய பிறகும் பணி தொடர்கிறது. அவர் ருவாண்டாவின் ருகெரேரோ கிராமத்தில் இனப்படுகொலை நினைவிடம் அமைக்கச் சென்றார்.