பட்டுப்பூச்சியும் வெட்டுக்கிளியும்: மின்முனை எங்கே இருக்கிறது?

உடுமலைப்பேட்டைப் பக்கம் மல்பெரி போட்டுப் புழு வளர்ப்பவர்கள்கூட வளர்ந்த பட்டுப்பூச்சியை அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். பூச்சி கூட்டைத் துளைத்துக்கொண்டு வந்தால் நூல் அறுந்துபோகும். அதற்கு முன்பே கூடு விற்பனைக்குப் போய்விடும். முட்டைக்கென்று விட்டுவைக்கும் இடங்களில்தான் அந்தக் கூத்தைக் காணலாம். பெண்ணின் வாடை பட்டதும் ஆண் பூச்சி சிறகைப் படபடவென்று அடிக்கும். பறக்க வராது. நேரே கொஞ்சம் நடந்து, இடமும் வலமுமாக வளைந்து, வாடை தப்பினால் வட்டமடித்துத் தேடும்.

அந்த வாடைப்பொருள் பாம்பிகால். சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து சில மில்லிகிராம் மட்டும் பிரித்து, 1959இல் அறிவித்தார் ஜெர்மானியர் அடால்ஃப் புட்டனான்ட். 1983இல் ஆய்வாளர் ராபர்ட் ஓல்பெர்க், பூச்சியின் மூளையிலிருந்து இறங்கும் நரம்புவடத்தில் மின்முனை வைத்தார். வாடை படும்போதெல்லாம் சில நரம்பணுக்கள் சுவிட்ச் போட்டதுபோல் வேகத் துடிப்புக்கும் மெதுத் துடிப்புக்கும் மாறி மாறித் தாவின. ஜப்பானின் ரியோஹெய் கன்சாகி அந்தத் தாவலைப் பூச்சி திரும்பும் திசையோடு பொருத்திக் காட்டினார். பிறகு அவர் குழு, பூச்சியின் நரம்புச் சைகையாலேயே சிறு ரோபோவை ஓட்டியது.

வெட்டுக்கிளி இவ்வளவு எளிதில் மசியவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற பரணிதரன் ராமனின் ஆய்வகம் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே, ஹெக்ஸனால் என்ற வேதிப்பொருளின் மணத்தோடு தீனி கொடுத்துப் பழக்கினால், மணம் வந்ததுமே வெட்டுக்கிளி வாயோரத்துச் சிறு உணர்விரல்களை விரிக்கும். முன்னால் வேறு மணம் வந்துபோயிருந்தாலும் விரிக்கும். ஆனால் மூளையின் பதிவு அப்படி நிலையாக இல்லை. ஒரு தடவை துடித்த நரம்பணு மறுதடவை சும்மா இருக்கிறது. 2022இல் இக்குழு காட்டிய வழி இது: மணம் இருக்கையில் துடிப்பவற்றைக் கூட்டி, மணம் நின்றபின் துடிப்பவற்றைக் கழித்தால், நடத்தையைக் கணிக்கலாம்.

பட்டுப்பூச்சியின் மூளை எளியது, வெட்டுக்கிளியுடையது சிக்கலானது என்று சொல்லிவிடத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. வளர்ந்த பட்டுப்பூச்சி உண்பதே இல்லை. இணை தேடுவது ஒன்றே அதற்கு வேலை, அதுவும் பிறவியிலேயே வந்தது. வெட்டுக்கிளி காட்டியதோ பழகிக்கொண்ட செயல். இன்னொன்று, இதுதான் பெரிது: ஓல்பெர்க் அளந்தது கால்களுக்குக் கட்டளை போகும் வழியில், ராமன் அளந்தது மணம் மூளைக்குள் நுழையும் முதல் நிலையத்தில். காலுக்குக் கிட்டே அளந்தால் நடையோடு பொருந்தாமல் என்ன செய்யும்? வெட்டுக்கிளியின் வாய்த்தசைக்குப் போகும் நரம்பில் அளந்திருந்தால், அந்தப் பதிவும் இதே அளவு சீராக வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.