நேட்டால் கரையில் தமிழர்

ஆண்டுதோறும் பாண்டுப் கழிமுகத்தில் பூநாரைகள் இறங்கக் காணும் நாம், மனக்கலம் ஏறி ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரைக்குச் சென்று வருவோம்.

துகேலா ஆறு பாயும் அந்நிலம் நேட்டால். இன்று குவாசூலு-நேட்டால் எனப்படுவது. அதன் செயின்ட் லூசியா கழிமுகத்தில் நீர்யானையும் முதலையும் வாழ்கின்றன. அதற்கு மேற்கே, 1895இல் அமைந்த காப்புக்காட்டில், அற்றுப்போகவிருந்த வெள்ளைக் காண்டாமிருகம் மீண்டும் பெருகிற்று.

எனினும் நம் நெஞ்சை உருக்குவது டர்பன் துறைமுகமே. சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல், 1860 நவம்பர் 16ஆம் நாள் 342 பேருடன் அங்கு அணைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென 1911 வரை இந்தியாவினின்று சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் ஒன்றரை இலக்கத்தினும் மிகுவர். அவருள் தமிழர் பலர். ஒப்பந்தம் முடிந்தும் தங்கியோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி சுமத்தப்பட்டது. அதனை எதிர்த்து 1913இல் எழுந்த அறப்போரில் சிறை புகுந்து நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை, 1914 பிப்ரவரி 22இல் உயிர் நீத்தார். அவ்வாண்டே வரி நீங்கிற்று.

ஆனால், பிறமொழியாளர் எழுதுகோலில் கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆயினார். முதலியார் ‘மூட்லி’ ஆயினார். சில தலைமுறைகளில் பல இல்லங்களில் தமிழ்ப் பேச்சே அற்றது. கோயிலும் காவடியும் மட்டும் நிலைத்தன.

அவர்களைப் பெருங்கடல் பிரித்தது. தாயகத்திற்கு இரயிலிலேயே சென்று மீளும் நாம், நம் மக்களோடு வீட்டில் எம்மொழியில் பேசுகின்றோம்? இவ்வினாவை இன்றே நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.