ஆர்த்தியும் ப்ரபத்தியும்: மாமுநிகளின் அந்திம தசை

நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டு ஈடு முப்பத்தாறாயிரப்படியைக் காலக்ஷேபம் ஸாதித்தருளியவர் மணவாள மாமுநிகள் (1370–1443). ஸ்ரீவசநபூஷணத்துக்கு வ்யாக்யாநமிட்டு, எம்பெருமானே உபாயம், சேதநனுடைய முயற்சி அன்று என்று நிலைநாட்டியவரும் அவரே. அத்தகையவர் முதிர்ந்த பருவத்தில், சரீர ஸம்பந்தம் கழிய வேண்டுமென்று எம்பெருமானாரை நோக்கி 60 பாசுரங்களாக ஆர்த்தி ப்ரபந்தம் அருளிச்செய்தது எங்ஙனே பொருந்தும்? உபாயம் அவனேயாகில், இவர் துடிப்பானேன்?

ஆர்த்தியை உபாயமாகக் கொண்டாலன்றோ விரோதம் வரும்! பசித்த குழவியின் அழுகை தாய்ப்பாலுக்கு விலையன்று. தாயையன்றி வேறு கதியில்லாமையைக் காட்டுவது. அதுபோல ஆர்த்தி பேற்றுக்கு விலையன்று. பேற்றில் உண்டான த்வரையின் வடிவம்.

சரணாகதி ஒருகாலே செய்யத்தக்கது. மூப்பு அதைப் புதிதாகச் செய்விப்பதில்லை. உடல்வலி, கற்ற வித்தை, பெற்ற புகழ் என்னும் கொழுகொம்புகள் ஒவ்வொன்றாக நழுவுகையில், முன்பு வாயால் சொன்ன அநந்யகதித்வத்தை நெஞ்சு உணரும்படி செய்கிறது.

பெருமாளே கேட்டருளும்படி ஈடு ஸாதித்த ஏற்றத்தை மாமுநிகள் அங்குக் கைம்முதலாக்கவில்லை. எம்பெருமானார் திருவடி ஸம்பந்தம் ஒன்றையே முன்னிட்டார். தளர்ந்த பருவத்தில் ப்ரபந்நனுக்குக் கைம்முதல் இல்லாமையே கைம்முதல் என்பதை அவருடைய அநுஷ்டாநம் காட்டித் தருகிறது.