பந்து விழுவதற்கு முன்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிற கூட்டத்தில் பெரும்பாலோர் மஞ்சள் உடுத்தியிருப்பார்கள். தோளில் புஷ்பக் காவடி, நெற்றி நிறைய விபூதி, வாயில் அரோகரா. அந்த மஞ்சளுக்கு நடுவே வேறொரு மஞ்சளையும் சில வருஷங்களாகப் பார்த்து வருகிறேன். இது வேட்டியல்ல, சட்டை. மார்பில் சிங்கம், முதுகில் 7 என்ற எண். மலையேறும்போது இரண்டு மஞ்சளுக்கும் பேதம் தெரிவதில்லை. 365 படிகளும் இருவரையும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்க வைக்கின்றன. சுவாமி தரிசனம் முடிந்து, கீழே இறங்கி, டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பேதம் வெளிப்படுகிறது. ஒருவர் வள்ளி கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார். மற்றவர், அடுத்த வருஷம் சென்னை அணியில் யாரை வைத்துக்கொள்ள வேண்டும், யாரைக் கழற்றிவிட வேண்டும் என்று பேசுகிறார்.

அடுத்த பந்தயத்துக்கு இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது! பந்தயமே இல்லாத காலத்தில் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிற இந்த ஜாதியைச் சிலர் வேலையற்றவர்கள் என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஆட்டம் தொடங்கிவிட்டால் ரசிகனுக்கு வாய் கட்டிப் போய்விடுகிறது. எண்பது ரன்னில் ஆறு விக்கெட் விழுந்த பிறகு என்ன பேச முடியும்? ஆட்டத்துக்கு முன்னால்தான் அவன் ராஜா. அணித் தலைவனும் அவனே, தேர்வுக் குழுவும் அவனே.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பைத்தியம் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் அவர்கள் கால்பந்து என்று பெயர் வைத்து, பெரும்பாலும் கையால் ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. செப்டம்பரில் பந்தயங்கள் தொடங்கும். ஜூலைக் கடைசியிலேயே அணிகள் பயிற்சி முகாம் போட்டுவிடும். அந்தப் பயிற்சியை வேடிக்கை பார்க்கக் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். விஸ்கான்ஸின் மாகாணத்தில் கிரீன் பே என்று ஓர் ஊர். ஜனத்தொகை சுமார் ஒரு லட்சம். அந்த ஊர் அணிக்குத் தனி முதலாளி கிடையாது. ஊர்க்காரர்களும் மற்ற ரசிகர்களுமாகப் பங்கு வாங்கி நடத்துகிறார்கள். முகாம் நாட்களில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. உள்ளூர்க் குழந்தைகள் தங்கள் சைக்கிள்களோடு வாசலில் காத்திருப்பார்கள். மலை போன்ற ஆட்டக்காரர்கள் அந்தச் சின்னஞ்சிறு சைக்கிளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்து மைதானத்துக்குப் போவார்கள். ஆட்டக்காரரின் தலைக்கவசத்தைச் சுமந்துகொண்டு சைக்கிளின் சொந்தக்காரப் பையன் பக்கத்தில் ஓடிவருவான். கோப்பை வாங்கினார்களா இல்லையா என்பதை அந்தப் பையன் மறந்தாலும் மறப்பான். கவசத்தின் கனத்தை மறக்கமாட்டான்.

சென்னை ராஜதானியில் இந்தக் கதை மரத்தடியில் தொடங்குகிறது. சேப்பாக்கம் மைதானம் வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் கையில் இருந்த காலம். அவர்களோடு ஆட வருகிற இந்தியர்களுக்கு மைதானம் உண்டு, கட்டடத்துக்குள் இடம் கிடையாது. உடை மாற்றுவதும் பகல் சாப்பாடும் மர நிழலில்தான். இதைக் கண்டு மனம் பொறாதவர் புச்சிபாபு நாயுடு. முழுப் பெயர் மோதவரபு வேங்கட மகிபதி நாயுடு. துபாஷி வேலையில் பெரும் செல்வம் சேர்த்த தெலுங்குக் குடும்பத்துப் பிள்ளை. அவர் கோபத்தைச் சண்டையாக்கவில்லை, ஒரு கிளப்பாக்கினார். 1888-ஆம் வருஷம் ஏற்பட்டது அந்த மெட்ராஸ் யுனைடெட் கிளப். அதே 1888-ல்தான் திருத்தணியில், இன்னொரு தெலுங்குக் குடும்பத்தில், பிற்காலத்தில் ராஷ்டிரபதியான ராதாகிருஷ்ணன் பிறந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் ஏதும் இல்லை. ஆனாலும் என் மனத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கின்றன.

வெள்ளைக்காரர் அணியோடு சமமாக நின்று ஆட வேண்டும் என்பது புச்சிபாபுவின் ஆசை. 1908-ஆம் வருஷக் கடைசியில் அதற்கு ஏற்பாடும் செய்துவிட்டார். ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்னால் காலமானார். வயது நாற்பதுதான். ஆட்டம் பார்க்கக் கொடுத்துவைக்காவிட்டாலும், ஆட்டத்துக்கு முந்தைய நாட்களின் பேச்சும் பரபரப்பும் அவருக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்து நான் ஆறுதல் அடைவதுண்டு. 1915-16 முதல் அந்தப் பந்தயம் பொங்கல் காலத்துத் திருவிழாவாகிவிட்டது. இந்தியர் ஒரு பக்கம், ஐரோப்பியர் ஒரு பக்கம். 1952 வரை நடந்தது.

அவர் பெயரால் ஏற்பட்ட போட்டி இன்றும் இருக்கிறது. முதலில் சென்னைக் கிளப்புகளுக்குள் நடந்தது. பிறகு மற்ற மாநில அணிகளையும் அழைத்தார்கள். இதன் விசேஷம், அது நடக்கிற காலம். ரஞ்சிப் பருவத்துக்கு முன்னால், ஆகஸ்ட் செப்டம்பரில். ஆகவே அதில் வெல்வதைவிட, யார் தேறுவான், யார் தேறமாட்டான் என்று பார்ப்பதுதான் முக்கியம். ரசிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நம் நாட்டில் பந்தயத்துக்கு முந்தைய பேச்சுக்கு ஒரு கோயில் உண்டென்றால் அது புச்சிபாபு போட்டிதான்.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில், 1934 நவம்பர் 4-ஆம் தேதி, சென்னைக்கும் மைசூருக்கும் நடந்தது. ராம்சிங் 35 ரன் கொடுத்துப் பதினொரு விக்கெட் எடுத்தார். ஆட்டம் ஒரே நாளில் தீர்ந்துவிட்டது. இப்படி ஆரம்பித்தால் கோப்பை வருஷா வருஷம் நம் வீட்டு அலமாரியில்தான் இருக்கும் என்று எவனும் நினைப்பான் அல்லவா? கோப்பை வர இருபது வருஷம் ஆயிற்று.

அந்த இருபது வருஷத்துக்குள் திருத்தணிக்கு ஒரு சங்கடம் வந்தது. 1911-ல் சித்தூர் ஜில்லா ஏற்பட்டபோது திருத்தணி அதில் சேர்ந்தது. எல்லாம் ஒரே ராஜதானியாக இருந்தவரையில் அது வெறும் காகித விவகாரம். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது சித்தூரோடு திருத்தணியும் அங்கே போய்விட்டது. முருகன் ஆந்திரப் பிரஜையானான். ம.பொ.சி. முதலானவர்களின் வடக்கெல்லைப் போராட்டம், சிறைவாசம், படாஸ்கர் தீர்ப்பு எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஊர் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. சரித்திரப் புத்தகத்தில் இதற்கு இரண்டு மூன்று பக்கம் கொடுத்திருப்பார்கள். அந்த ஆறரை வருஷம் ஊரிலிருந்த கிரிக்கெட் ரசிகன் எந்த அணிக்காக அடித்துக்கொண்டான் என்பதற்கு ஒரு வரியும் கிடையாது.

ஏனென்றால் அதே 1953-54 பருவத்தில்தான் ஆந்திரா என்ற புதிய அணி ரஞ்சிப் போட்டியில் இறங்கியது. அதன் தலைவர் யார்? சாட்சாத் சி.கே. நாயுடு! 1932-ல் இந்தியாவின் முதல் டெஸ்ட் அணியை நடத்திச் சென்றவர். முந்தைய வருஷம்தான் ஹோல்கார் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். வயது ஐம்பத்தெட்டு. அந்த வயதில் நம்மில் பலர் படியேறவே யோசிப்போம்.

டீக்கடையில் எனக்குப் பழக்கமான முதியவர் ஒருவர் அந்த நாளில் பள்ளிக்கூடத்துப் பையன். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவருடைய தகப்பனார் சென்னை அணிக்கே தம் விசுவாசத்தைக் கொடுத்திருந்தாராம். காரணம் எளிது: சென்னையில் வேலை பார்த்த நாளில் சேப்பாக்கத்தில் பொங்கல் பந்தயம் பார்த்தவர். பக்கத்து வீட்டுக்காரர் சுத்தத் தமிழர். எல்லைப் போராட்டக் கூட்டம் ஒன்றையும் விடாதவர். அவரோ ஆந்திரா அணிக்காக வாதாடுவாராம்!

“ஊரு நம்மளுது, நைனா. அதுல விட்டுக் குடுக்கமாட்டேன். ஆனா சி.கே. எங்க இருக்காரோ அங்கதான் நானு” என்பது அவர் கட்சி.

திண்ணையில் இரண்டு பேரும் பத்திரிகையை நடுவில் போட்டுக்கொண்டு, இன்னும் அறிவிக்கப்படாத அணிகளை அறிவித்து, இன்னும் நடக்காத ஆட்டத்தை ஆடி முடிப்பார்களாம். “எங்கப்பா தமிழ்ல திட்டுவாரு, அவரு தெலுங்குல பதில் குடுப்பாரு. கோபம் வந்தா மட்டும் பாஷை மாறிப் போயிடும்” என்று முதியவர் சிரித்தார். எல்லைக் கமிஷன் இந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தால் கோட்டை எங்கே போடுவது என்று திணறிப் போயிருக்கும்.

1954-55 பருவத்தில், பாலு அழகண்ணன் தலைமையில், சென்னை கடைசியாகக் கோப்பையை வென்றது. இந்தூருக்கே போய் ஹோல்காரை 46 ரன்னில் தோற்கடித்தார்கள். முதல் ஆட்டத்தில் பதினொரு விக்கெட் எடுத்த ராம்சிங்கின் மகன் கிருபால் சிங் அந்த வெற்றியில் பெரிய பங்கு வகித்தார். திருத்தணி அன்றைக்கு ஆந்திர ராஜ்யம். தெலுங்கு வீட்டில் பாயசம் வைத்தார்களாம். பக்கத்து வீட்டுத் தமிழர் ஒரு தம்ளர் குடித்துவிட்டு, “சி.கே. ஹோல்கார்லயே இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் சேதி” என்றாராம்.

அடுத்த பாயசத்துக்கு ரசிகர்கள் 1987-88 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் பட்டதைச் சொல்லி முடியாது. 1972-73 இறுதி ஆட்டம் சேப்பாக்கத்தில். பம்பாயை முதலில் 151-க்குச் சுருட்டிவிட்டார்கள். ஊரெல்லாம் ஒரே குதூகலம். பிறகு சிவால்கர் என்ற சுழற்பந்துக்காரர் வந்தார். தமிழ்நாடு 80, அப்புறம் 61. மூன்றாம் நாள் முதல் பந்திலேயே கதை முடிந்தது. அன்று காலை டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களை நினைத்தால் இன்றும் எனக்குப் பாவமாக இருக்கிறது. 1987-88-க்குப் பிறகு 2014-15 வரைக்குள் ஆறு முறை இறுதி ஆட்டத்துக்குப் போய் ஆறு முறையும் தோற்றார்கள். இருந்தும் ஒவ்வொரு செப்டம்பரிலும் டீக்கடையில் யாராவது ஒருவர் “இந்த வருஷம் பாரு” என்று ஆரம்பிக்கத்தான் செய்கிறார்.

மற்ற முருகன் தலங்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் நடக்காது. சூரனோடு போர் முடித்துச் சினம் தணிந்து முருகன் வந்து அமர்ந்த இடம் என்பதால், அன்றைக்கு இங்கே புஷ்பாஞ்சலிதான். வேலும் உண்டு, வேலனும் உண்டு, யுத்தம் மட்டும் இல்லை. டீக்கடைப் பெஞ்சில் சென்னைக்கும் ஹைதராபாதுக்கும் வாக்குவாதம் சூடேறும்போது எனக்கு இந்த ஞாபகம் வரும். நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வருகிற பையன்கள் ஹைதராபாதின் ஆரஞ்சுச் சட்டை போட்டிருப்பார்கள். 2024-ல் புச்சிபாபு கோப்பையை ஹைதராபாத் வாங்கிப் போனபோது அவர்கள் பேச்சுக்கு ஒரு மாதம் எதிர்ப்பேச்சே இல்லை. சண்டை எவ்வளவு முற்றினாலும் டீக்குக் காசு கொடுப்பதில் மட்டும் எல்லைத் தகராறு எழுந்ததில்லை.

இப்போதெல்லாம் சென்னைக்காரர்களுக்குப் பயிற்சி முகாம் என்றால் மார்ச் மாதத்துச் சேப்பாக்கம்தான். பந்தயம் அல்ல, வெறும் பயிற்சி. அதற்கே கூட்டம் ஆயிரக் கணக்கில். திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் போய், சாயங்காலம் தோனி நாலு பந்து அடிப்பதைப் பார்த்துவிட்டு, ராத்திரி ரயிலில் திரும்புகிறவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் அப்படிப் போய் வந்த ஒரு பையன், “அடி ஒண்ணொண்ணும் இடி சார், இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்” என்று என்னிடம் சொன்னான். 14-ஆம் தேதியோடு கொள்ளை நோய் காரணமாக முகாமை நிறுத்திவிட்டார்கள். பந்தயங்கள் செப்டம்பரில் வளைகுடா நாட்டில் நடந்தன. ஆடிய பருவங்களில் முதல் தடவையாகச் சென்னை அணி கடைசி நான்கு இடங்களுக்குள் வரவில்லை. அதற்கு அடுத்த இரண்டு வருஷமும் அந்த அணி சொந்த மைதானத்தில் ஆடவே இல்லை. மறுபடி அவர்கள் சேப்பாக்கத்தில் பந்தயம் ஆடியது 2023 ஏப்ரல் 3-ஆம் தேதி. மூன்று வருஷத்துக்கு அந்தப் பையன் கையிலிருந்த சேப்பாக்கம் அந்த ஒரு சாயங்காலத்துப் பயிற்சிதான். அதை வைத்துக்கொண்டு அவன் பெஞ்சில் எத்தனை பேரை வாயடைத்திருக்கிறான் என்பதற்கு நான் சாட்சி.