இசைத்தட்டின் உறையும் உழைப்பின் கணக்கும்

இசைத்தட்டு உறைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக நியூயார்க்கில் தொடங்குவார்கள். 1930களின் கடைசியில் கொலம்பியா கம்பெனி அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞரை வேலைக்கு எடுத்தது, அதுவரை பழுப்புக் காகிதத்துக்குள் வந்துகொண்டிருந்த தட்டுகளுக்கு ஓவிய அட்டை வந்தது, விற்பனை ஏறியது. அங்கிருந்து கதை நேரே மேதைகளின் வரிசைக்குப் போய்விடும். பண்டத்துக்குச் சட்டை தைத்த வரலாறு என்று அதைச் சொல்லலாம். நல்ல தையல்காரர்கள் இருந்தார்கள், மறுப்பதற்கில்லை.

என் அக்கறை அதில் இல்லை. 1976 முதல் 1980 வரையிலான நாலு வருஷத்தில் இங்கிலாந்தின் வடபகுதியில் சில மாணவர்கள் தங்கள் பாட்டுக்குத் தாங்களே உறை செய்தார்கள், சுவரொட்டி செய்தார்கள். அந்த உறைகளில் ஒரு புதிய காரியம் நடந்தது: தட்டு எப்படி உண்டானது என்ற கணக்கு உறையின் மேலேயே எழுதப்பட்டது. பிறகு, 'வடிவமைப்பு' என்ற பெயரில், அதே மாணவர்களின் கையாலேயே அந்தக் கணக்கு துடைக்கப்பட்டது. இன்று நமக்குக் கிடைக்கிற புத்தகங்களும் கண்காட்சிகளும் துடைத்த பிறகு மிஞ்சிய அழகைத்தான் கொண்டாடுகின்றன.

முதலில் கணக்கு. போல்டன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் தொடங்கிய குழு பஸ்காக்ஸ். 1976 டிசம்பர் 28-ஆம் தேதி மான்செஸ்டரில் ஒரு ஒலிப்பதிவுக்கூடத்தில் நாலு பாட்டு பதிவு செய்தார்கள். செலவு ஏறத்தாழ 500 பவுண்டு. குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கடன். கம்பெனி எதையும் கேட்காமல் 'நியூ ஹார்மோன்ஸ்' என்று தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டு 1977 ஜனவரியில் ஆயிரம் பிரதி வெளியிட்டார்கள். 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்று பெயர். உறையின் முன்பக்கம் கறுப்பு வெள்ளையில் ஒரு போலராய்டு படம். குழுவைப் பார்த்துக்கொண்ட ரிச்சர்ட் பூன், நகரின் நடுவிலுள்ள ராபர்ட் பீல் சிலையடியில் நாலு பேரையும் நிற்கவைத்து எடுத்தது. போலராய்டுக்கு நெகடிவ் கிடையாது. ஒரே ஒரு படம்தான். அந்த ஒன்றைத்தான் அச்சில் ஆயிரமாகப் பெருக்கினார்கள். வால்டர் பெஞ்சமினைப் படித்த நண்பர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியம் பின்பக்கம். ஒவ்வொரு பாட்டுக்கும் எதிரில் அது எத்தனையாவது 'டேக்', பிறகு ஏதாவது சேர்க்கப்பட்டதா என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒரு பாட்டு மூன்றாவது டேக், மேலே ஒண்ணும் சேர்க்கவில்லை. இன்னொன்று முதல் டேக்கிலேயே முடிந்தது, பிறகு ஒரு கிதார் மட்டும். இவ்வளவுதான். ஆனால் பாட்டு என்பது எங்கிருந்தோ இறங்கி வருகிற வரம் என்று கம்பெனிகள் கட்டியெழுப்பிய புனைவை இந்த இரண்டு மூன்று சொற்கள் உடைத்துவிடுகின்றன. ஒரு பிற்பகல் வேலை, நீயும் செய்யலாம் என்கிறது உறை.

இந்தக் குறிப்பை அதன் தருக்க முடிவுக்குக் கொண்டுபோனவர்கள் ஸ்க்ரிட்டி பொலிட்டி. லீட்ஸ் பாலிடெக்னிக்கில் ஓவியம் படித்த க்ரீன் கார்ட்ஸைடும் தோழர்களும். (பாலிடெக்னிக் என்றதும் நம்ம ஊர் டிப்ளமோ ஒர்க்‌ஷாப் ஞாபகம் வரக்கூடாது, ஓவியமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாகச் சொல்லிக்கொடுத்த இடங்கள் அவை.) குழுவின் பெயரே கிராம்ஷியின் அரசியல் எழுத்துக்கள் என்பதன் இத்தாலிய வடிவத்தைக் கொஞ்சம் திரித்து வைத்தது. லண்டன் காம்டன் பகுதியில் ஆளில்லாத வீட்டில் குடியேறி வாழ்ந்துகொண்டு 1978-ல் வெளியிட்ட முதல் தட்டு 'ஸ்காங்க் ப்ளாக் பொலோன்யா'. பொலோன்யாவில் 1977 மார்ச் 11-ஆம் தேதி ஃபிரான்செஸ்கோ லொருஸ்ஸோ என்ற மாணவர் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானதும், கம்யூனிஸ்ட் கட்சி நகரசபையை ஆண்ட அதே ஊரில் மாணவர்கள் தெருவுக்கு வந்ததும், மறுநாள் 'ரேடியோ அலிச்சே' என்ற அவர்களுடைய வானொலியைப் போலீஸ் புகுந்து மூடியதும் இந்தத் தலைப்புக்குப் பின்னால் இருக்கின்றன.

உறையில் என்ன இருந்தது? விலைப்பட்டியல். கேம்பிரிட்ஜில் 14 மணி நேர ஒலிப்பதிவுக்கு 98 பவுண்டு. அச்சுத்தட்டு வெட்ட 40 பவுண்டு. லேபிள் அச்சிடவில்லை, வெள்ளை லேபிளில் குத்த ஒரு ரப்பர் ஸ்டாம்ப், 8 பவுண்டு. எங்கே செய்துகொண்டார்கள் என்ற முகவரிகளோடு. மூலதனம் தன் கணக்குப் புத்தகத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டும். இவர்கள் அதை உறையாகவே மடித்துக் கொடுத்தார்கள். சிறுபத்திரிகை நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு, கடைசிப் பக்கத்தில் பேப்பர் விலையும் தபால் செலவும் போட்டு சந்தா கேட்டவர்களுக்கு, இந்த உறை அந்நியமாகத் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்லணும். அந்தப் பட்டியலிலும் ஒரு மௌனம் உண்டு. ஸ்டுடியோவுக்குக் கொடுத்தது இருக்கிறது. தங்களுக்குத் தாங்கள் கொடுத்துக்கொள்ளாதது இல்லை. பாட்டுக் கட்டிய மாதங்கள், ஸ்டாம்ப் குத்திய இரவுகள் எந்தப் பத்தியிலும் வரவில்லை. அந்த இலவச உழைப்பு எப்படிச் சாத்தியமானது? 1962-ஆம் வருஷக் கல்விச் சட்டத்தின்படி அங்கே பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் உள்ளாட்சி அமைப்புகள் உதவித்தொகை கொடுத்தன. படிப்பு முடிந்தால் வேலையில்லாதோர் படி. 'நீயே செய்' என்ற பங்க் முழக்கத்தின் கீழே அரசு போட்ட சாப்பாட்டுத் தட்டு இருந்தது. 1998-ஆம் வருஷச் சட்டம் கட்டணத்தைக் கொண்டுவந்து உதவித்தொகையை ஒழித்தது. தனிமனித மேதைமை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வருஷங்களைக் குறிப்பிடுவதேயில்லை.

இனி மான்செஸ்டர் பாலிடெக்னிக். 1970களின் நடுவில் அங்கே வரைகலை படித்தவர்களில் மூன்று பேர்: லிண்டர் ஸ்டெர்லிங், மால்கம் காரட், பீட்டர் ஸவில். பஸ்காக்ஸ் 1977-ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற பெரிய கம்பெனிக்குப் போனபோது, முதல் தட்டு 'ஆர்கஸம் அடிக்ட்'டின் உறையைக் காரட் செய்தார், அப்போது மாணவர். உள்ளே வைத்த ஒட்டுப்படம் லிண்டருடையது. நிர்வாணப் பெண்ணுடல், தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இஸ்திரிப்பெட்டி, முலைக்காம்புகளில் பல் தெரியச் சிரிக்கும் வாய்கள். அவர் வெட்டியெடுத்தது இரண்டு வகை அச்சுப்பொருளிலிருந்து: ஆண்களுக்கான ஆபாசப் பத்திரிகைகள், பெண்களுக்கான வீட்டுப் பத்திரிகைகள். ஒன்றில் பெண் பண்டம், மற்றதில் பண்டம் வாங்குகிறவள். கத்திரிக்கோல் இரண்டையும் ஒரே தாளில் சேர்த்ததும் இரண்டும் ஒரே தொழிற்சாலையின் இரண்டு வாசல் என்பது தெரிந்துவிடுகிறது. பெண்ணியக் கோட்பாட்டின் பல பக்கங்களை இந்த ஒரு படம் முந்திக்கொள்கிறது என்பது என் அபிப்பிராயம். காரட் அதை மஞ்சள் பின்னணியில் நீல ஒற்றை நிறமாக்கி, எழுத்துக்களைச் சுற்றிலும் ஓடவிட்டார். உறையாக அது கச்சிதம். ஆனால் வண்ணப் பத்திரிகைத் தாளின் அந்தப் பிசுபிசுப்பு போய்விட்டது. லிண்டரின் அந்தக் காலத்து ஒட்டுப்படங்கள் இன்று லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருக்கின்றன.

1978 மார்ச்சில் பஸ்காக்ஸின் முதல் முழுத்தட்டுக்கு விளம்பரமாகக் காரட் ஒரு பை செய்தார். கடைப் பை. அதன்மேல் பெரிதாக 'சரக்கு' என்ற அர்த்தத்தில் 'ப்ராடக்ட்' என்று ஒரே ஒரு சொல். கேலிதான். தட்டு பண்டம் என்பதை மறைக்காமல் சொல்கிறது. ஆனால் ஸ்க்ரிட்டி பொலிட்டியின் பட்டியலுக்குப் பக்கத்தில் இந்தப் பையை வைத்துப் பாருங்கள்: பட்டியல் பண்டத்துக்குள் இருந்த உழைப்பைச் சொன்னது, பை பண்டம் என்பதை மட்டும் சொல்லிச் சிரித்துக்கொண்டது. தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் விளம்பரம் என்பது பின்னால் எவ்வளவு பெரிய வியாபாரமானது என்று நமக்குத் தெரியும்.

ஸவிலின் முதல் வேலையும் மாணவர் வேலைதான். 1978 மே மாதம் மான்செஸ்டரில் 'ஃபாக்டரி' என்ற பெயரில் நடந்த இசை இரவுகளுக்கு ஒரு சுவரொட்டி. கல்லூரிப் பட்டறையில் மாட்டியிருந்த, செவிப்பாதுகாப்பு அணியச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையிலிருந்து எடுத்த அடையாளம், மஞ்சள், தொழிற்சாலைத் தோரணை. நிகழ்ச்சி தொடங்கிய பிறகுதான் சுவரொட்டி வந்து சேர்ந்தது. எதையும் விளம்பரப்படுத்தாத விளம்பரம்! பிறகு ஃபாக்டரி இசைத்தட்டு நிறுவனமானபோது அதற்கே வரிசை எண் ஒன்று கொடுத்தார்கள். இந்தப் புள்ளியில்தான் உறை தன் வேலையை மறந்து கலைப்பொருளாகிறது என்று நினைக்கிறேன். தொழிலாளியின் காதைக் காக்க வைத்த குறி, தொழிலாளி நீங்கி, வெறும் அழகாக நிற்கிறது.

அதே நிறுவனம் 1980-ல் 'த ரிட்டர்ன் ஆஃப் த டுருட்டி காலம்' என்ற தட்டை உப்புத்தாள் உறையில் வெளியிட்டது. பக்கத்துத் தட்டின் உறையைத் தேய்த்துக் கெடுக்கட்டும் என்று. யோசனை கீ டெபோரின் 1959 புத்தகத்திலிருந்து வந்தது; அதன் அட்டையும் உப்புத்தாள். தலைப்பு 1966-ல் ஸ்ட்ராஸ்பூர்க் மாணவர்கள் சுவரில் ஒட்டிய ஒரு சித்திரக்கதைச் சுவரொட்டியிலிருந்து வந்தது. ஆந்த்ரே பெர்த்ரான் செய்தது. மாணவர் சங்கத்தின் பணத்தில் பத்தாயிரம் பிரதி அடித்த 'மாணவ வாழ்வின் வறுமை பற்றி' என்ற துண்டுநூலுக்கு அது விளம்பரம். நீதிமன்றம் தலையிட்டுச் சங்கத்தையே மூடியது. ஸ்பானிய அராஜகவாதி துர்ருத்தியின் பெயரில் அன்று சுவரொட்டியில் நேர்ந்த எழுத்துப்பிழைகூட அப்படியே தட்டின்மேல் ஏறிவிட்டது. உப்புத்தாளை உறையில் ஒட்டும் கைவேலையைச் செய்தவர்கள் அதே நிறுவனத்தின் ஜாய் டிவிஷன் குழுவினர். மற்றவர்கள் படம் பார்த்துக்கொண்டிருக்க பெரும்பாலும் இயன் கர்ட்டிஸ்தான் உட்கார்ந்து ஒட்டினார் என்று சொல்வார்கள். டெபோரின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பசை யார் கையில் இருந்தது என்பது வேடிக்கைக் கதையாக மட்டுமே.

அந்த ஜாய் டிவிஷனின் 1979 தட்டு 'அன்னோன் ப்ளெஷர்ஸ்'. கறுப்புப் பின்னணியில் மலைத்தொடர் மாதிரி வெள்ளைக் கோடுகள். முன்பக்கத்தில் குழுவின் பெயர் இல்லை, தட்டின் பெயர் இல்லை. இந்தக் கோடுகள் போட்ட டி-சர்ட்டை நம்ம ஊர்ப் பிள்ளைகளே போட்டுக்கொண்டு போவதைப் பார்க்கிறேன். பாட்டைக் கேட்டவர்கள் அதில் பாதிப்பேர் இருப்பார்களா தெரியாது. ஸவிலின் தலைசிறந்த வேலை என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். எனக்கும் பிடிக்கும், அந்த மௌனத்துக்கு ஒரு கனம் இருக்கிறது. ஆனால் கோடு அவர் போட்டதல்ல. குழுவைச் சேர்ந்த பெர்னார்ட் ஸம்னர் நூலகத்தில் கேம்பிரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியத்தில் பார்த்துக் கொண்டுவந்தது. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடாக இருந்ததை ஸவில் தலைகீழாக்கினார்.

கலைக்களஞ்சியத்துக்கு எங்கிருந்து வந்தது? அது 1.337 விநாடிக்கு ஒருமுறை துடிக்கும் ஒரு விண்பொருளின் எண்பது துடிப்புகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. 1970-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் க்ராஃப்ட் என்ற மாணவர் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்காகக் கணினியில் வரைந்தது. அந்தத் துடிப்பை முதலில் கண்டவர் அவருக்கு முந்தைய இன்னொரு மாணவி: ஜாஸலின் பெல். 1967-ல் கேம்பிரிட்ஜில், நூற்றுக்கணக்கான அடி நீளக் காகிதச் சுருள்களில் பேனா கிறுக்கிய கோடுகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, ஒரு கிறுக்கல் மட்டும் வேறு மாதிரி இருப்பதைக் கண்டுபிடித்தார். 1974-ல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆந்தனி ஹூயிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. 2018-ல் அவருக்கு முப்பது லட்சம் டாலர் சிறப்புப் பரிசு ஒன்று கிடைத்தபோது, இயற்பியலில் வாய்ப்புக் கிடைக்காத பிரிவுகளைச் சேர்ந்த ஆய்வு மாணவர்களுக்கென்று முழுவதையும் கொடுத்துவிட்டார்.

ஆக, உலகத்தின் மிகப் பிரபலமான உறைகளில் ஒன்று மூன்று மாணவ உழைப்புகளின் மேல் நிற்கிறது: பார்த்தவர், வரைந்தவர், கல்லூரியை விட்டு வெளியே வந்து ஒரு வருஷமேயான வடிவமைப்பாளர். முதல் இரண்டு பேரின் பெயர் உறையில் இல்லை. இது திருட்டு என்று சொல்ல வரவில்லை. நூலகத்துப் படத்தை எடுத்து ஒட்டுவது பங்க் காலத்து நியாயம். லிண்டர் செய்ததும் அதுதான். வித்தியாசம் எங்கே என்றால், லிண்டரின் படத்தில் வெட்டு தெரிகிறது. இது வேறிடத்திலிருந்து பிய்த்தெடுத்தது என்று அதன் விளிம்பே சொல்லும். ஸவிலின் கறுப்பில் விளிம்பு இல்லை. எங்கிருந்தும் வராத, யாரும் செய்யாத படமாக அது மிதக்கிறது. 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' உறையின் பின்பக்கத்திலிருந்து இங்கே வந்துசேர இரண்டரை வருஷம்கூட ஆகவில்லை.

2015-ல் ஸயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையைச் சேர்ந்த ஜென் கிறிஸ்டியன்சன் இந்தக் கோடுகளின் மூலத்தைத் தேடிப்போய் க்ராஃப்டைக் கண்டுபிடித்துப் பேசினார். தன் வரைபடம் இசைத்தட்டில் இருப்பதை முன்பு சக ஆய்வாளர் ஒருவர் சொல்லித்தான் க்ராஃப்ட் தெரிந்துகொண்டாராம். உடனே கடைக்குப் போயிருக்கிறார். தட்டு இருந்தது, சுவரொட்டியும் இருந்தது. இரண்டையும் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார்.