ஹென்றி கவ்வெல்: முழங்கை ஸ்வரக்கொத்திலிருந்து சென்னை ஸிம்பனி வரை

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க ஸங்கீதத்தின் வரலாற்றை எழுதுவோர், ஹென்றி கவ்வெலை (1897–1965) இரு கூறாகப் பிரித்துப் பேசுவதுண்டு; பியானோக் கட்டைகளை முன்னங்கையால் அழுத்திச் சபையோரைத் திடுக்கிடச் செய்த இளைஞர் ஒருவரென்றும், கீழைநாட்டு இசையில் மனந்தோய்ந்து சாந்தமடைந்துவிட்ட முதியவர் வேறொருவரென்றும் அவர்கள் கொள்வர். கவ்வெலின் சிருஷ்டிகளைக் கால வரிசையில் வைத்துப் பார்க்குமிடத்து, இந்தப் பிரிவினைக்கு ஆதாரமில்லை என்பதே என் துணிபு.

கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்னும் ஊரிற் பிறந்து, பள்ளிப் படிப்பு அதிகமின்றி வளர்ந்த அவருடைய செவியில், ஐரோப்பிய மேதைகளின் இசையோடு, தந்தை வழி வந்த ஐரிஷ் பாடல்களும், ஸான் பிரான்ஸிஸ்கோவின் சீனர் தெருவில் நிகழ்ந்த இசை நாடகங்களும் சிறு பிராயத்திலேயே சரிசமமாக வந்து பதிந்தன. ஆகையால், ஐரோப்பிய ஸம்பிரதாயத்தை உலகத்து இசை முறைகளுள் ஒன்றாக மட்டுமே அவர் மனம் கொண்டது. 1914-இல் பெர்க்லியில் அவருக்கு ஆசானாக வாய்த்த சார்ல்ஸ் ஸீகர், மாணவரின் துணிச்சலைத் தடுக்காமல், அதற்கோர் இலக்கணம் வகுக்குமாறு தூண்டினார். அடுத்தடுத்த ஸ்வரங்களை ஒருசேர ஒலிப்பிக்கும் ஸ்வரக்கொத்து, ஐரிஷ் புராணக் கடல் தேவனைப் பாடும் 'மனானானின் அலைகள்' என்ற கிருதியில், இடக்கை கீழ் ஸ்தாயியில் எழுப்பும் அலையோசையாகவும், அதன்மேல் வலக்கை வாசிக்கும் எளிய மெட்டுக்கு ஆதாரமாகவும் அமைந்தது. ஹங்கேரியின் பேலா பார்ட்டோக் இந்த முறையைத் தாமும் கையாள அனுமதி கேட்டு எழுதினார் என்பதிலிருந்து, வித்வான்கள் இதை வெறும் விந்தையாகக் கருதவில்லையென்பது புலப்படும்.

1925-இல் இயற்றிய 'பான்ஷி' இன்னும் ஒரு படி அப்பாற் சென்றது. ஒருவர் கட்டைகளின் முன் அமர்ந்து, தந்திகள் தடையின்றி அதிரும்படி பெடலை அழுத்திக்கொண்டேயிருக்க, வாசிப்பவர் பியானோவின் வளைவில் நின்று, செம்புக் கம்பி சுற்றிய தடித்த தந்திகளை விரலின் சதையாலும் நகத்தாலும் நீளவாக்கில் தேய்க்கும்போது, மரணத்தை முன்னறிவிக்கும் பான்ஷி என்னும் பெண் பேயின் ஓலம் எழுகிறது. கட்டை ஒன்றுகூட அழுத்தப்படுவதில்லை.

1930-இல் வெளிவந்த 'புதிய இசை ஆதாரங்கள்' என்ற நூலில் அவர் நிலைநாட்டிய ஸித்தாந்தத்தையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். ஸ்வரங்களுக்கிடையே உள்ள விகிதங்கள் எவையோ, அவையே தாளத்திலும் நிற்கும். ஸட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள 2:3 என்ற உறவு, லயத்தில் இரண்டு அடிக்கு எதிராக மூன்று அடியாகும். திஸ்ர நடையும் கண்ட நடையும் கேட்டுப் பழகிய நமக்கு இந்தக் கணக்கு சகஜமானது. மேனாட்டு வாத்தியக்காரருக்கோ கைக்கு எட்டாததாயிருந்தது. ஆதலின் லியோன் தெரமினைக் கொண்டு 'ரித்மிகான்' என்னும் மின்கருவியைச் செய்வித்தார். அதன் முதற் கட்டை ஓர் அடி ஒலிக்கும் நேரத்தில் 16-ஆம் கட்டை 16 அடிகள் ஒலிக்கும்.

இந்நிலையில்தான், 1931-இல் கக்கன்ஹைம் உதவித்தொகை பெற்றுப் பெர்லின் சென்று, ஹார்ன்போஸ்டலிடம் ஒப்பியல் இசை பயின்ற அவர், பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராய் விளங்கிய பி. சாம்பமூர்த்தியிடம் கர்நாடக ஸங்கீத இலக்கணத்தையும் கற்றார். 1934-இல் தோன்றிய 'ஒஸ்டினாட்டோ பியானிஸிமோ'வில் சோற்றுக் கிண்ணங்களும் வாத்தியமாயின. கீழை இசை அவருக்கு முதுமையில் வந்த பற்றன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1936-இல் அக்காலத்து ஒழுக்கச் சட்டமொன்றின்கீழ் ஸான் குவென்டின் சிறைக்கு அனுப்பப்பட்டு, ஏறத்தாழ நான்காண்டு அங்கே கழித்து, 1942-இல் மன்னிப்புப் பெற்றார். சிறையிலும் கைதிகளுக்கு இசை கற்பித்தார். அதன்பின் அவருடைய நடையில் கரடுமுரடு குறைந்தது உண்மையே. ஆயினும், உலக ஒலி அனைத்தும் இசையாசிரியனுக்கு உரியது என்ற மூலக்கொள்கை தளரவில்லை. ஜான் கேஜ், லூ ஹாரிஸன் ஆகிய மாணவர்கள் அவரிடம் பெற்ற செல்வமும் அதுவே.

1956-57-இல் மேற்கொண்ட ஆசியப் பயணத்தின் பயனாக எழுந்த 13-ஆவது ஸிம்பனிக்கு 'மதராஸ்' என்று பெயரிட்டு, ஜலதரங்கத்துக்கும் தபலாவுக்கும் அதில் அவர் இடமளித்தார். தாமஸ் ஷெர்மன் தலைமையில் நியூயார்க் லிட்டில் ஆர்கெஸ்ட்ரா 1959-இல் அதைச் சென்னையிலேயே அரங்கேற்றியது. நம் ஊரின் பெயர் தாங்கிய அந்த ஸிம்பனியின் பிரதியை வரவழைத்து, அதில் நம் லய மரபு எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறதென்பதை ஆராய்ந்து தமிழில் எழுத, இசைக் கல்லூரிகளின் ஆராய்ச்சி மாணவர் எவரேனும் முன்வர வேண்டுகிறேன்.