பைக்கை வேற ஊருக்கு அனுப்பப் போறீங்களா? 'மதிப்பு' கட்டத்தை காலியாக விட்டுடாதீங்க!

வேலை மாறி வெளிமாநிலம் போகும்போது, வீட்டுச் சாமான்களைவிட பெரிய தலைவலி பைக்தான். சென்னையில் இருந்து டெல்லி வரைக்கும் ஓட்டிக்கொண்டு போக எல்லோராலும் முடியாது. அப்போது இருப்பது இரண்டு வழி. ஒன்று ரயில், இன்னொன்று மூடிய கன்டெய்னர் லாரி. இதில் எதைத் தேர்வு செய்தாலும், வழியில் வண்டிக்கு ஏதாவது ஆனால் எவ்வளவு பணம் கிடைக்கும் என்பதை புக்கிங் தாளில் நீங்கள் எழுதும் மதிப்புதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

ரயிலில் அனுப்புவது எப்படி?

நீங்கள் பயணிக்கும் அதே ரயிலில் டிக்கெட்டைக் காட்டி புக் செய்தால் அது 'லக்கேஜ்'. நீங்கள் போகாமல் வண்டியை மட்டும் அனுப்பினால் 'பார்சல்'. இரண்டுக்கும் ஸ்டேஷன் பார்சல் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், அடையாள அட்டை ஆகியவற்றின் நகலும் ஒரிஜினலும் கையில் இருக்கட்டும்.

டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல்கூட இருக்கக் கூடாது. ரயிலில் ஆபத்தான பொருளைக் கொண்டு செல்வது, 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம்.

ஹெட்லைட், டேங்க், இண்டிகேட்டர் ஆகியவற்றை வைக்கோலும் சாக்கும் வைத்துக் கட்ட வேண்டும். கண்ணாடிகளைக் கழற்றி தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். புறப்படும் ஊர், சேரும் ஊர், உங்கள் போன் நம்பர் எழுதிய அட்டையை வண்டியில் கட்டுங்கள். வழியில் ரயில் மாற்றி ஏற்றினால் கீறல் விழ வாய்ப்பு அதிகம். முடிந்தவரை நேரடி ரயிலாகப் பாருங்க.

50 ரூபாய் கணக்கு தெரியுமா?

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். மதிப்பை அறிவிக்காமல் புக் செய்தால், ரயில்வேயின் பொறுப்பு பார்சலுக்கு கிலோவுக்கு 50 ரூபாய், லக்கேஜுக்கு கிலோவுக்கு 100 ரூபாய் என்ற வரம்போடு நின்றுவிடும். 140 கிலோ பைக்கை பார்சலில் அனுப்பி அது காணாமல் போனால், அதிகபட்சம் 7,000 ரூபாய்தான். வண்டி ஒன்றரை லட்சம் பெறும் என்று அப்புறம் சொல்லிப் பயனில்லை. புக்கிங்கின்போதே உண்மையான மதிப்பை எழுதி, அதற்கான சிறு சதவீதக் கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

கன்டெய்னர் லாரி பாதுகாப்பானதா?

மழை, தூசி, கல் தெறிப்பு எதுவும் படாது என்பதுதான் மூடிய லாரியின் பலம். வீட்டு வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் உள்ளே எப்படிக் கட்டுகிறார்கள் என்பதுதான் முக்கியம். சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பி நிறுத்தினால் ஒரு பிரேக்கில் சாய்ந்துவிடும். முன்சக்கரம் அசையாதபடி கட்டை கொடுத்து, இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு, முன்பக்க ஷாக் அப்சார்பர் கொஞ்சம் அமுங்கும் அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். பக்கத்தில் பீரோ, ஃப்ரிட்ஜ் வைத்தால் நடுவில் மெத்தை இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கேயும் இழப்பீட்டுக்கு வரம்பு உண்டு. சாலைவழி சரக்குப் போக்குவரத்துக்கான 2011-ம் ஆண்டு விதிகளின்படி, லாரி நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப்போல 10 மடங்கு வரைதான். அதுவும் நீங்கள் அறிவித்த மதிப்பைத் தாண்டாது. உதாரணத்துக்கு, வாடகை 6,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 60,000. அதற்கு மேல் வேண்டுமானால், கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்ட முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இன்சூரன்ஸ் இருக்கே, போதாதா?

உங்களிடம் இருப்பது முழு காப்பீடு என்றால், ரயிலிலோ லாரியிலோ கொண்டு போகும்போது ஏற்படும் சேதமும் பொதுவாக அதில் அடங்கும். தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால் உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது. 'டிரான்சிட் இன்சூரன்ஸ்' என்று நிறுவனம் தனியாகப் பணம் கேட்டால், உங்கள் பெயரிலான பாலிசியைக் கேட்டு வாங்குங்க. பில்லில் ஒரு வரி எழுதிக் கொடுப்பது பாலிசி ஆகாது.

ஏமாறாமல் இருக்க...

* பிரபல நிறுவனங்களின் பெயரிலேயே போலிகள் இருக்கின்றன. ஜிஎஸ்டி நம்பரை அரசு இணையதளத்தில் போட்டு, அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள்.
* முழுப் பணத்தையும் முன்பே கொடுக்காதீர்கள். வண்டியை ஏற்றிய பிறகு கூடுதல் தொகை கேட்பது பழைய தந்திரம்.
* ஏற்றும் முன் நாலு பக்கமும் வீடியோ எடுங்கள். கிலோமீட்டர் ரீடிங்கும் தெரியட்டும்.
* ஒரிஜினல் ஆர்.சி.யை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.
* வண்டி வந்ததும் முதலில் பாருங்க, அப்புறம் கையெழுத்து போடுங்க. சேதம் இருந்தால் டெலிவரி தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

புகாருக்கு எவ்வளவு நாள்?

ரயில்வேயிடம், வண்டியை ஒப்படைத்த நாளில் இருந்து 6 மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். லாரி நிறுவனத்துக்கு, புக்கிங் செய்த நாளில் இருந்து 180 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். கெடு தாண்டினால் வழக்கே நிற்காமல் போகலாம்.

வண்டியை 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருப்பதாக இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குத் தேவையான தடையில்லாச் சான்றை, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிட்டால் அலைச்சல் மிச்சம்.